விழுந்தவள் எழட்டும்!

“ஆயா விழுந்துட்டாங்க!”

விடியற்காலை. கணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கொல்லைப்புறம் போன மூதாட்டி, ஈரத்தரையில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். மரத்திலிருந்து விழவில்லை, மாடியிலிருந்து விழவில்லை, வண்டி எதுவும் மோதவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தாள். அவ்வளவுதான். ஆனால் எழ முடியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடக்கிறது. தொட்டால் அலறுகிறாள்.

கூட்டம் கூடுகிறது. கூடியவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குகிறார்கள்.

“எண்ணெய் போட்டு நீவுங்க, சரியாப் போகும்” என்கிறார் ஒருவர். “கட்டுப் போடுற இடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க” என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் இருக்கிறாரே, அவர்தான் பெரிய நீதிபதி! “இந்த வயசுல ஆப்ரேசனா? போற உசுரு வீட்டுலயே போகட்டும். எல்லாம் விதி!” என்று கூறிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

அவளுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. உங்கள் தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் எந்தத் தாயின் பெயரையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்கிறோம், தோழர்களே! குற்றம் செய்தவனுக்குக்கூட விசாரணை உண்டு, வாதாட வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு. ஒன்றும் செய்யாத இந்த மூதாட்டிக்கு மட்டும், வாசற்படியில் நின்றபடியே மரண தண்டனையா? தண்டனை விதித்தவன் எவன்? விதியா? அல்லது விதியின் பெயரால் பேசுகின்ற நம் அறியாமையா, நம் வறுமையா, நம் சர்க்காரின் மெத்தனமா?

மருத்துவமனை இல்லாத காட்டிலா அவள் விழுந்தாள்? இல்லை! வேலூரிலிருந்து கணியம்பாடிக்கு வரும் திருவண்ணாமலைச் சாலையைப் பாருங்கள். நகருக்குள்ளே, 1900-ஆம் ஆண்டில் அயிடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, இன்று உலகமறிந்து நிற்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. சற்றே தெற்கே வந்தால் பாகாயம். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்து, பின்னர் முடங்கியவர்களை மீட்கும் மருத்துவத்தை இம்மண்ணில் வளர்த்த மேரி வர்கீஸ் அம்மையாரின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் எழுந்த இடம் அது. இன்னும் தெற்கே வந்தால் அடுக்கம்பாறை. அங்கே 2005-இல் தொடங்கிய அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி. கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களிலோ, சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவத் துறையினர் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் பதிந்து வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு பக்கத்தில் மருந்து. இவ்வளவு பக்கத்தில் மரணம்! இடையிலே இருப்பது தூரமல்ல, தோழர்களே, தாமதம்! அந்தத் தாமதத்தைத்தான் நாம் இன்று கூண்டில் ஏற்றுகிறோம்.

முதலில் உடைந்தது எது என்று தெரிந்துகொள்வோம். “இடுப்பு முறிந்துவிட்டது” என்று சொல்கிறோம். முறிந்தது பெரும்பாலும் இடுப்பெலும்பே அல்ல, தொடையெலும்பின் மேல்முனை! தொடையெலும்பு நேராக மேலே வந்து, உட்புறம் திரும்பிக் கழுத்தாகி, கழுத்தின் நுனியில் பந்தாகி, இடுப்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாட்டு வண்டியின் அச்சு சக்கரத்துக்குள் நுழைந்து பாரம் முழுவதையும் சுமக்கிறதே, அதுபோல. அந்த அச்சு முறிந்தால் வண்டி என்ன ஆகும்?

கழுத்திலேயே முறிந்தால் பந்துக்குப் போகும் இரத்தம் தடைப்படலாம். அதனால் துண்டு விலகிய முதியவர்களுக்குப் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே, வலிய தசைகள் வந்து பற்றியிருக்கும் புடைப்புப் பகுதியில் முறிந்தால், அங்கே எலும்பை இணைத்து நிறுத்த முடியும். இதிலும் இரண்டு வகை உண்டு என்று 1949-இல் எவன்ஸ் என்ற பிரிட்டன் நாட்டு அறுவை மருத்துவர் பிரித்துக் காட்டினார். இரண்டே துண்டாகி, உட்புறச் சுவர் கெடாமல் இருந்தால், துண்டுகள் ஒன்றன்மீது ஒன்று அமர்ந்து பாரம் தாங்கும். அது நிலையான முறிவு. உட்புறச் சுவர் நொறுங்கி, மூன்று நான்கு துண்டுகளாகச் சிதறினால், தாங்கிப் பிடிக்க அடியில் ஒன்றுமில்லை. அது நிலையற்ற முறிவு. முறிவுக்கோடு தலைகீழாக, உள்ளே மேலிருந்து வெளியே கீழாக ஓடினாலும் அப்படித்தான். தசை ஒருபுறம் இழுக்கும், துண்டு மறுபுறம் நழுவும்.

இப்போது சொல்லுங்கள்! கை முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டலாம். முழங்காலுக்குக் கீழே முறிந்தால் மாவுக்கட்டு போடலாம். தசைக்குள்ளே ஆழப் புதைந்து, இடுப்புக் கிண்ணத்தோடு இணைந்து நிற்கும் இந்த முனையை எந்தத் துணி இறுக்கும்? எந்த முட்டைப்பத்து நிறுத்தும்? புத்தூர்க் கட்டுக்கு நம் வட்டாரத்து மக்கள் நெடுங்காலமாகப் போய் வருகிறார்கள். கட்டுகிறவரை நாம் ஏசவில்லை. கட்டு எட்டாத இடத்துக்குக் கட்டை நம்பாதீர்கள் என்கிறோம். சமையற்கட்டில் கரண்டி நல்ல கருவிதான். அதைக் கொண்டு கிணறு தோண்ட முடியுமா?

“கட்டு வேண்டாம், ஆணியும் வேண்டாம், படுக்க வைத்தால் தானே கூடிவிடாதா?” என்பார் உண்டு. கூடும்! இந்தப் புடைப்புப் பகுதியில் இரத்தவோட்டம் நன்றாகவே உண்டு. எலும்பு பல வாரங்களில் கூடிவிடும். ஆனால், எலும்பு கூடும்வரை கிழவி இருக்க வேண்டுமே! காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள் அந்நாளில். நுரையீரலில் சளி கட்டியது. முதுகில் படுக்கைப்புண் குழி பறித்தது. காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறியது. சிறுநீரில் நஞ்சு சேர்ந்தது. எலும்பு கூடியது, உயிர் கூட்டைவிட்டுப் போனது. தப்பியவர்களுக்கும் கால் குறுகிக் கோணிக் கூடியது. முறிவு கொல்வதில்லை, தோழர்களே! படுக்கைதான் கொல்கிறது.

இதைக் கண்டுதான் உலகம் வேறு வழி தேடிற்று. 1925-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சுமித்-பீட்டர்சன் என்பவர் மூன்று இறகுள்ள எஃகு ஆணியைத் தொடைக்கழுத்துக்குள் செலுத்தினார். 1931-இல் அதை உலகுக்கு எழுதிக் காட்டினார். ஜெர்மனியின் கீல் நகரில் குண்ட்சர் என்பவர் எலும்பின் உள்துளைக்குள்ளேயே நீண்ட கம்பியை இறக்கும் முறையை 1940-இல் அறிவித்தார். பின்னர் 1950-களில், எலும்பு அமர அமரத் தானும் சறுக்கி இடம் கொடுக்கும் திருகாணியும், அதைத் தாங்க வெளியே ஒரு தகடும் வந்தன. 1980-களில், உள்ளே இறங்கும் கம்பியையும் பந்துக்குள் பாயும் திருகாணியையும் ஒன்றாக்கிய கருவி வந்தது. “பிளேட் வெச்சாங்க”, “ராடு வெச்சாங்க” என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோமே, அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இவ்வளவு பேர் உழைப்பு இருக்கிறது.

பிளேட்டா, ராடா? இங்கேதான் பாட்டாளி விழித்திருக்க வேண்டும். நிலையான முறிவுக்குச் சறுக்கும் திருகாணியும் பிளேட்டும் போதும், விலையும் குறைவு. நிலையற்ற முறிவில், முக்கியமாகக் கோடு தலைகீழாக ஓடிய முறிவிலும், புடைப்புக்குக் கீழே இறங்கிய முறிவிலும், ராடுதான் தக்கது. ஏன்? பிளேட் எலும்புக்கு வெளியே ஒட்டி நிற்கிறது. பாரம் இறங்கும் கோட்டிலிருந்து அது தள்ளியிருக்கிறது. ராடோ எலும்பின் நடுவே, பாரத்துக்கு அருகே நிற்கிறது. தண்ணீர்க்குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நிலையற்ற முறிவுக்கு உள்ளிறங்கும் ராடையே அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. சில வகைகளில் இரண்டில் எது மேல் என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். நம் கோரிக்கை ஒன்றே: ஏழைக்குப் பிளேட், பணக்காரனுக்கு ராடு என்ற புதிய வருணாசிரமம் அறுவைக்கூடத்துக்குள் நுழையக் கூடாது! எது வைப்பது என்பதை எலும்பு உடைந்த விதம் தீர்மானிக்கட்டும். பையின் கனம் தீர்மானிக்க வேண்டாம். பிளேட் போதுமான இடத்தில் விலையுயர்ந்த ராடை விற்பதும் கொள்ளை. ராடு தேவைப்படும் இடத்தில் மலிவென்று பிளேட் வைப்பதும் கொடுமை.

விலை மட்டுமே வெற்றி தராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பந்துக்குள் செல்லும் திருகாணியின் நுனி, பந்தின் உச்சியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அளவு கூடக் கூட, திருகாணி உளுத்த எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் ஆபத்தும் கூடுகிறது. உளுத்த மரத்தில் திருகாணி முடுக்கிய தச்சருக்கு இது புரியும். ஆக, தேவை பொன்னாணி அல்ல. பயின்ற கை, நல்ல எக்ஸ்-ரே, நேரத்தோடு நடக்கும் அறுவை.

நேரம்! அதுதான் வழக்கின் உயிர்நாடி. மருத்துவமனைக்கு வந்த 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை நடப்பது நலம் என்கிறது மேலே சொன்ன அதே வழிகாட்டுதல். இங்கிலாந்திலே 2010-ஆம் ஆண்டு முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவை நடந்து, முதியோர் மருத்துவரும் உடனிருந்து கவனித்தால், மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்று விதி செய்தார்கள். விதி என்றால் இதுவல்லவா விதி! மனிதன் எழுதி, மனிதனை வாழவைக்கும் விதி!

மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. ஆறு மணி நேரத்திலேயே அறுவை செய்தால் இன்னும் பலர் பிழைப்பரா என்று இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2020-இல் வெளியான முடிவு, இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. ஆனால் சித்தம் கலங்குவது குறைந்தது. எழுந்து நிற்பது விரைந்தது. வீடு திரும்புவதும் விரைந்தது. அங்கே ஒப்பிட்டது ஆறு மணி நேரத்தையும் ஏறத்தாழ ஒரு நாளையும்! நம் வீடுகளிலோ ஒரு வாரம் எண்ணெயில் போகிறது. மறு வாரம் கட்டில் போகிறது. அதற்கடுத்த வாரம் காசு தேடுவதில் போகிறது. அறுவை செய்தும்கூட ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவரோ அதற்கு மேலோ இறக்கிறார்கள் என்று பல நாட்டுக் கணக்குகள் கூறும் நோய் இது. இதில் வாரக்கணக்கில் தூங்கலாமா?

“வயதாகிவிட்டதே!” என்கிறார்கள். வயது குற்றமா? இதே வேலூர் மருத்துவமனையில் 1973 டிசம்பர் 24-இல், 94-ஆம் வயதில் கண்மூடினார் தந்தை பெரியார். உடலில் குழாய் பொருத்திக்கொண்டு, நோவோடு நோவாக ஊர் ஊராகச் சென்று, இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு வரை மேடையேறி முழங்கினார் அவர். “வயதாகிவிட்டது, வீட்டிலேயே கிடக்கட்டும்” என்று மருத்துவர்கள் அவரைக் கைவிட்டிருந்தால், அந்த இறுதி ஆண்டுகளின் முழக்கம் நாட்டுக்குக் கிடைத்திருக்குமா? பெரியவருக்கு ஒரு நீதி, பெயரறியாத கிழவிக்கு ஒரு நீதியா? அறுவை தாங்காத உடல் சிலருக்கு இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் நெஞ்சைச் சோதித்த மருத்துவர். துண்டை உதறிய தெருக்கோடிப் பெரியவர் அல்ல. அத்தகையவருக்கும் வலி தீர்க்கும் வழி உண்டு.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். விழுந்தவள் ஒருத்தி, முடங்குபவர் எத்தனை பேர்? மகள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். மகன் இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டிரம்மின் அருகே ஈரத்தில் நிற்கிறான். மருமகள் பீடி சுற்றுகிறாள். தாய் படுக்கையில் விழுந்தால், தூக்கவும் துடைக்கவும் திருப்பிப் போடவும் ஒருத்தி வேலையை விட வேண்டும். யார் விடுவது? எப்போதும் பெண்தான்! அவளது கூலி போகிறது; பிள்ளையின் படிப்பு போகிறது; வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். ஒரு ராடு ஓர் எலும்பை மட்டுமா நிறுத்துகிறது? ஒரு குடும்பத்தையே நிமிர்த்துகிறது!

தமிழ்நாட்டில் வழி இல்லாமல் இல்லை. 2008-இல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக அது உருமாறியது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு வந்தது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராராயினும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை சர்க்கார் பொறுப்பு என்றது. போற்றுகிறோம்! மனமாரப் போற்றுகிறோம்!

போற்றிய வாயாலேயே கேட்கிறோம்: சாலையில் விழுந்தவனுக்கு 48 மணி நேரம் உண்டு, சமையற்கட்டில் விழுந்தவளுக்கு ஏன் இல்லை? சாலையில் முறிந்தாலும் எலும்புதான். கொல்லையில் முறிந்தாலும் எலும்புதான். எலும்புக்குத் தெரியுமா, தான் முறிந்தது நெடுஞ்சாலையிலா நடைபாதையிலா என்று? இடுப்பு முறிந்த முதியவர் அனைவரையும் அந்த 48 மணி நேரப் பாதுகாப்பில் சேருங்கள்! அட்டைக்கும் அனுமதிக்கும் காத்திராமல் அறுவை நடக்கட்டும். தாள்கள் பிறகு நடக்கட்டும். நேரத்தோடு செய்த மருத்துவமனைக்கு ஊக்கத்தொகை கொடுங்கள். ராடும் திருகாணியும் அரசு மருத்துவமனையின் அலமாரியில் எந்நேரமும் இருக்கட்டும். உறவினர் கையில் சீட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் நிலை எங்கும் வேண்டாம்.

சர்க்காரிடம் கேட்டாயிற்று. இனி, தோழர்களே, உங்களிடம்!

உங்கள் கிளையின் எல்லைக்குள் முதியவர் விழுந்தால், எழ முடியாமல் கால் குறுகிப் பாதம் வெளியே சாய்ந்திருந்தால், நீவ விடாதீர்கள். இழுக்க விடாதீர்கள். இருசக்கர வண்டியில் நடுவே உட்காரவைத்து நெரித்துக்கொண்டு போகாதீர்கள். பலகையிலோ கட்டிலிலோ கிடத்துங்கள்; 108-ஐ அழையுங்கள்; அன்றைக்கே எக்ஸ்-ரே எடுக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு சேருங்கள். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, அவர் உண்ணும் மருந்துகள் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். “என்றைக்கு அறுவை? எத்தனை மணி நேரத்தில்?” என்று பணிவோடு கேளுங்கள், துணிவோடு கேளுங்கள். அறுவை முடிந்தபின், மருத்துவர் இசைந்தால் மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கச் செய்வார்கள். “பாவம், படுக்கட்டும்” என்று பாசத்தால் தடுத்துவிடாதீர்கள். அந்தப் பாசம் படுகுழி!

எழுந்தபின்னும் வேலை முடியவில்லை. நின்ற இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பு உளுத்துவிட்டது என்று பொருள். சுண்ணாம்புச் சத்து, டி வைட்டமின், எலும்பை உறுதியாக்கும் மருந்து பற்றி மருத்துவரைக் கேளுங்கள். இடுப்பு முறிந்து அறுவை செய்தவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை போடும் ஊசி, மறுபடி முறிவதையும் இறப்பையும் குறைத்தது என்று 2007-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கண்ணில் புரையா? எடுத்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், வழுக்காத தரை. கொத்தனாரும் மின்பணியாளரும் நம் தோழர்கள் தாமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

மீண்டும் அந்தச் சிற்றூருக்கு வருவோம். அதே விடியற்காலை, அதே ஈரத்தரை, அதே அலறல். இம்முறை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் வருகிறான். தோளிலே துண்டு, அதை உதறிவிட்டு அவன் நடக்கவில்லை. மடித்துக் கிழவியின் தலைக்கடியில் வைக்கிறான். “பயப்படாதீங்க ஆயா, வண்டி வருது” என்கிறான்.

அந்த இளைஞன் நீயாக இரு, தோழா! விதி என்று சொல்லி விலகிப் போனவர்கள் போகட்டும். விழுந்தவள் எழட்டும்!